அத்தானின் சத்தமில்லாத கார்

அன்பான அத்தான்,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் மேடு பள்ளம் இருக்காது என்று நம்புகிறேன். இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அப்படியான காரில் இருந்து பழகிய உடம்பு.

அந்தக் கார் கைமாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் பத்திரிகையில் வருவதால் ஊரும் வாசிக்கட்டும். வெள்ளவத்தையில் உங்கள் காரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான் ஒருவன்தானா என்ன?

சீமையில் அதைச் செய்த கம்பெனிக்காரரின் கொள்கையை நீங்கள் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பீர்கள். கார் தான் படும் பாட்டை வெளியே காட்டக்கூடாது. தேவையில்லாத ஒரு வளைவோ மினுக்கமோ அதில் இருக்கக்கூடாது. "கார் வாறது தெரியக்கூடாதடா, வந்து நிண்டதுதான் தெரியவேணும்" என்பீர்கள். முதல் நாள் அக்கா அதன் நெற்றியில் வைத்த சந்தனப் பொட்டையே கைலேஞ்சியால் துடைத்தவர் நீங்கள். என் மகளின் கல்யாணத்தில்கூட, சனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு உங்கள் காரைத்தான் சுற்றி நின்றது. அதை மறப்பேனா?

நீங்கள் போனபின் அக்காவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சும்மாதானே நிற்கிறது, எனக்குத் தந்தால் என்ன என்று.

"அவர் இருக்கேக்க ஒருநாளாவது அந்தக் காரை நல்லதெண்டு சொன்னனியோ?"

கொட்டாஞ்சேனையில் அரிசிக் கடை வைத்திருக்கும் அந்தோனிப்பிள்ளைக்கு விற்பதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

விடுவேனா? பார்க்க வந்த மனிதரைக் கேற்றடியில் மறித்து, காதோடு காதாகச் சொன்னேன். இதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது, சத்தமே வராது, நீங்கள் வருவது தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

அவர் சொன்னது: "அது நல்லதெல்லோ. நான் இல்லாத நேரம் கடையில பெடியள் என்ன செய்யிறாங்களெண்டு போய்ப் பாக்கலாம்."

அன்றைக்கே பேச்சு முடிந்தது. கெடுக்கப் போன நானே விற்றுக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காரை எடுக்க வந்தார்கள். அக்கா வெளியே வரவில்லை. ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டதும் வந்து கடைசியாக ஒருதரம் பார்க்கிறேன் என்று உள்ளே இருந்துவிட்டாள். நான் வாசலில் நின்றேன். கார் ஒழுங்கையால் வழுக்கிக்கொண்டு போய், காலி வீதியில் திரும்பி மறைந்தது.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போய்விட்டது என்றேன்.

அவள் வந்து வெறும் முற்றத்தைப் பார்த்தாள். "அவரும் இப்பிடித்தானடா போனவர். பக்கத்தில கிடந்தனான், எனக்குத் தெரியேல்லை."

அத்தான், இத்தனை வருடமாக எந்தச் சத்தமில்லாமைக்காக உங்கள்மேல் பொறாமைப்பட்டேனோ, அது எனக்கு வேண்டாம் என்று நேற்றுத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

இனி வெள்ளிக்கிழமைகளில் அக்காவை என்னுடைய பழைய சின்ன பேபி காரில் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். அது என் வீடு இருக்கும் பாமன்கடையில் புறப்பட்டால் வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கேட்கும். அவள் காதைப் பொத்திக்கொண்டு என்னை வைதாலும், நான் வருவதும் போவதும் அவளுக்குத் தெரியும். இது சத்தியம். மேலே இருந்து பார்த்து வயிறெரிந்துவிடாதீர்கள், அந்த உத்தியோகத்துக்கு நான் ஒருவன் இருக்கிறேன்.

என்றும் உங்கள்மேல் பொறாமை குறையாத
உங்கள் மச்சான்