நிவேதா பேரு இருந்த கண்ணாடி

நவம்பர் 10, திங்கள்

விடியக்காலையில இருந்து தூறல். கார் பின் கதவுல கட்டின பாலிதீன் ஷீட்டு பிச்சுக்கிட்டு ஆடுது. ஈரத்துல டேப் நிக்கல. பின் சீட்டு சொதசொதன்னு. பழைய போர்வையக் கொண்டுபோயி மூடிட்டு வந்தேன். மனுசன் ஹால்ல காலை நீட்டிக்கிட்டு காப்பி குடிக்கிறாரு. என்னமோ அடுத்த வீட்டுக்காரன் காரு மாதிரி.

நடந்ததை எழுதி வச்சுக்கணும். இல்லேன்னா ஒரு வாரத்துல இவரு சொல்ற கதைய நானே நம்பிருவேன்.

எங்க காருல பின் கதவுக் கண்ணாடி ரெண்டுலயும் பிள்ளைக பேரு. வலது பக்கம் நிவேதா, இடது பக்கம் சரண். வண்டி எடுத்த அன்னிக்கு இவரே கூட நின்னு ஒட்ட வச்சது. "பாப்பா பேரு டிரைவர் பக்கம் இருக்கட்டும், ஏறும்போதெல்லாம் நான் பாக்கணும்"னாரு. அப்ப அம்புட்டுப் பாசம்.

போன வருசம் நிவேதா ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. மாப்பிள்ளை அரவிந்தன், மேலூர், கவர்மெண்ட் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். வேற ஆளுக. அவரு தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவங்க வயல்ல கூலி வேலை. அது ஒண்ணுதான் குத்தம், வேற ஒரு குறை சொல்ல முடியாது. அன்னையில இருந்து இந்த வீட்டுல அவ பேரை எடுக்கக் கூடாது. ஆனா கண்ணாடியில இருந்ததை மட்டும் மனுசன் கிழிக்கல. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உள்ளுக்குள்ள ஏதோ மிச்சம் இருக்குன்னு நினைச்சேன். கூறுகெட்டவ நான்.

நேத்து எழுமலைக்கிட்ட இவுக ஊருல காதுகுத்து. சாப்பிட்டு வெளிய வரும்போது இவரு சித்தப்பா மகன் தங்கராசு, பத்துப் பேரு நிக்கையில கேக்குறான்: "என்னண்ணே, ஓடிப்போனவ பேரை இன்னும் ஊரூரா காட்டிக்கிட்டுத் திரியிறீங்க?" நாலு பேரு சிரிச்சானுக.

நான் கைகழுவுற எடத்துல நின்னேன். எல்லாம் கண்ணுக்கு நேரா தெரிஞ்சுச்சு. மனுசன் போயி ஒரு ரூபாத் துட்டை வச்சு ஸ்டிக்கரைச் சொரண்டுறாரு. 'நி' மட்டும் வந்துச்சு. 'வேதா' வரல. இன்னும் சொரண்டுறாரு. தங்கராசு பின்னாடியே வந்து நின்னு "வராதுண்ணே, நல்லா ஒட்டியிருக்கு"ங்குறான். டிக்கியத் தொறந்தாரு, வீல் ஸ்பேனரை எடுத்தாரு. ஒரே போடு.

மதுரைக்குத் திரும்பினோம். உசிலம்பட்டி தாண்டினதும் சொல்றாரு: "யாராச்சும் கேட்டா டிப்பர் லாரியில இருந்து கல்லு தெறிச்சிருச்சுன்னு சொல்லு."

வாயத் தொறந்தா ஓடுற வண்டியில சண்டை.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டுட்டு வெயில். புழுக்கம்.

பின் சீட்டைக் கூட்டினேன். கல்கண்டு கணக்கா எங்க பாத்தாலும் கண்ணாடி. சீட்டு இடுக்குல, பாய்க்கு அடியில. ஸ்டிக்கர் இருந்த எடம் மட்டும் நொறுங்கியும் பிரியல, 'வே'ங்கிற எழுத்து அப்படியே ஒரு துண்டாக் கெடந்துச்சு. மொறத்துல அள்ளி குப்பை வண்டிக்காரம்மாகிட்ட, "கண்ணாடி இருக்கு, கைய வச்சிராதீக"ன்னு சொல்லிக் குடுத்தேன்.

கல்லுக் கதை வளருது. எதிர்வீட்டு சார்கிட்ட காலையில எலுமிச்சம்பழம் அளவு கல்லு. சாயங்காலம் மனுசன் தன் உரக்கடைய அடைச்சிட்டு வந்து போன்ல யாருகிட்டயோ பேசும்போது தேங்கா அளவு. "நல்லவேளை, பின்னாடி யாரும் உக்காரல"ன்னு ஒரு பெருமூச்சு வேற. நாளைக்கு பாறாங்கல்லு ஆயிரும்.

பத்து மணி வாக்குல நிவேதா போன்.

"அம்மா, வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஏழாம் மாசம். அத்தை இங்க வீட்டுலயே வச்சிருக்காக."

"நீ நல்லா இருக்கியா? கால் வீக்கம்?"

"இருக்கு. நீ வருவியா?"

வருவேன்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல. தாய் வீட்டுல இருந்து வளையல், கட்டுச்சோறு கொண்டுபோயி, புள்ளையத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். ஊரு ஒலகத்துல எவளும் செய்யிறதுதான. எனக்கு மட்டும் என்ன.

மத்தியானம் சோத்தைப் போட்டுட்டு மனுசன்கிட்ட சொன்னேன். சோத்தைப் பாத்துக்கிட்டே சொல்றாரு: "நீ போனா போன எடத்துலயே இருந்துக்க." மோரு கேட்டாரு. ஊத்தல.

எப்படியும் புள்ளையப் பின் சீட்டுல தான் கூட்டிட்டு வரணும். ஏழு மாசக்காரிய ஓட்டைக் கதவுக்குப் பக்கத்துல உக்கார வைக்க முடியுமா? நாளைக்கே கண்ணாடி போட்டாகணும். கடைக்கு இவரு போக மாட்டாரு. கல்லு அடிச்சதா, கம்பி அடிச்சதான்னு கடைக்காரன் பாத்ததுமே சொல்லிருவான்ல, அந்தப் பயம்.

வாங்கணும்: கண்ணாடி வளையல் (பச்சை, செவப்பு), சந்தனம், குங்குமம், எள்ளு, புளி, நல்ல வாழையிலை. நிவேதாவுக்கு லூசான நைட்டி ரெண்டு.

நவ. 12, புதன்

பழங்காநத்தத்துல கார் கண்ணாடிக் கடை, வண்டி எடுத்தப்ப பேரு ஒட்டினதும் இங்கதான். நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். டிரைவிங் ஸ்கூல்ல என்னைய சேத்துவிட்டது நிவேதாதான். "கத்துக்கம்மா, எதுக்கெடுத்தாலும் அப்பாகிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்காத"ம்பா. மனுசன் என்னைய திருப்பரங்குன்றம் தாண்டி ஓட்ட விட்டதில்ல.

கடைக்கார பாய் கதவைத் தட்டிப் பாத்தாரு. உள்ள கலகலன்னு சத்தம். "நொறுங்கினது பூரா கதவுக்குள்ள எறங்கிருக்குக்கா. உள்பலகையக் கழட்டி அள்ளணும். கண்ணாடி மத்தியானம் வந்துரும்"னாரு. எப்படி உடைஞ்சதுன்னு கேக்கவே இல்ல. நல்ல மனுசன்.

பெஞ்சுல உக்காந்து தினசரி பேப்பரை மூணு தடவ படிச்சேன். கண்ணாடி வந்துச்சு. ரப்பரை எடுத்து, தூளை உறிஞ்சி எடுத்து, கண்ணாடிய எறக்கி ஏத்தி, எறக்கி ஏத்தி... சரியா உக்காந்துருச்சு. புதுக் கண்ணாடி பளிச்சுன்னு.

"பாய், பேரு ஒட்டணும். நிவேதா. அந்தப் பக்கம் இருக்கே, அதே எழுத்து."

பாய் துணியால கையத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, நிமிரவே இல்ல. "அக்கா, காலையிலயே சார் போன் பண்ணாரு. பேரு எதுவும் ஒட்டக் கூடாதுன்னு..."

எனக்கு வந்துச்சே ஆத்திரம். கடைக்கு வரத் தைரியம் இல்ல. கண்ணாடி போடுன்னு சொல்ல வாய் இல்ல. இதுக்கு மட்டும் நம்பர் தேடிப் புடிச்சு போன். பெத்த மகளோட மூணு எழுத்து இவர என்ன பண்ணுச்சு? தங்கராசு மாதிரி ஒரு வெட்டிப்பய சிரிச்சான்னு வீட்டுப் பொண்ண அழிச்சிருவாரா?

பாயைத் திட்டி என்ன புண்ணியம். "சரி, ஒட்ட வேணாம். அந்தப் பக்கம் இருக்கறதையும் எடுத்துருங்க"ன்னேன்.

"தம்பி பேராக்கா? அது நல்லாத்தான இருக்கு?"

"ரெண்டும் இருக்கணும். இல்லேன்னா ரெண்டும் வேணாம்."

சரணுக்கு போன் போட்டேன். கோயம்புத்தூர்ல ரெண்டாவது வருசம் இஞ்சினியரிங் படிக்கிறான். விசயத்தைச் சொன்னதும், "எடுத்துரும்மா. அக்கா பேரு இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு"ன்னான். இவருக்குப் போயி இப்படி ஒரு புள்ள.

பாய் சூடா காத்து வர்ற மிசின் ஒண்ணை ஸ்டிக்கர் மேல காட்டினாரு. ஓரத்துல நகத்தை வச்சு இழுத்தாரு. தோலு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு, ஒரு கீறல் இல்ல. இம்புட்டுத்தான் வேலை. இதுக்குப் போயி ஸ்பேனரைத் தூக்கினாரு பாரு, வீரரு.

சாயங்காலம் மனுசன் வரும்போது நான் வாசல்ல துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். வலது பக்கம் பாத்தாரு. வெறுங்கண்ணாடி. மூஞ்சியில ஒரு நிம்மதி. இடது பக்கம் சுத்தி வந்தாரு.

"சரண் பேரு எங்க?"

"எடுத்தாச்சு."

"ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உசுரோட இருக்குற புள்ள பேரை எவளாச்சும் அழிப்பாளா? வெளியூர்ல இருக்கான், வண்டியில போறான் வாரான், அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"இதைத்தான் நான் ஞாயித்துக்கிழமையில இருந்து கேக்கணும்னு இருந்தேன்"னேன்.

சரண் பேரு இருந்த எடத்தைத் தடவினாரு. அப்பறம் மெதுவா, "அவ எனக்குச் செத்துட்டா"ன்னாரு.

"செத்துட்டாளா? எப்ப மொட்டை போட்டீரு? எப்ப பதினாறு கும்பிட்டீரு? தலையில முடி அம்புட்டும் அப்படியே இருக்கு!"

எதிர்வீட்டு ஜன்னல் சாத்துற சத்தம். கேக்கட்டும். தேங்கா அளவு கல்லைப் பத்திக் கேட்டவக இதையும் கேக்கட்டும்.

நவ. 13, வியாழன்

பேச்சுவார்த்தை கெடையாது. காலையில கடைக்குக் கெளம்பும்போது செவுத்தைப் பாத்துச் சொல்றாரு: "கார் சாவியத் தொட்டா நடக்கறதே வேற."

வளையல் வாங்கியாச்சு. நைட்டி வாங்கியாச்சு. புளிக்காய்ச்சல் வச்சாச்சு. எள்ளுருண்டை சரியா வரல, உதிருது. ஆத்திரத்துல புடிச்சா அப்படித்தான்.

மனுசன் அடுப்படி வாசல்ல வந்து நின்னு வாசம் புடிச்சிட்டுப் போனாரு. ராத்திரிக்கு ரசத்தையும் அப்பளத்தையும் வச்சேன். புளிக்காய்ச்சலத் தொட விடல.

மத்தியானம் வாசல்ல நிக்கிற காரைச் சுத்தி வந்து கதவு நாலையும் தொறந்து மூடிப் பாத்தேன். புதுக் கண்ணாடி ஏறுது, எறங்குது. பெட்ரோல் பாதி. போதும்.

பயமா இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய்யி.

நவ. 14, வெள்ளி

மேலூர். நிவேதா வீட்டு ரூம்ல உக்காந்து எழுதுறேன். சாயங்காலம்.

காலையில மனுசன் குளிக்கப் போனாரு. ஆணியில இருந்து சாவிய எடுத்தேன், சாமானை ஏத்தினேன், கெளம்பிட்டேன். நான் கேட்டைத் திரும்பி மூடக்கூட இல்ல. ரிங் ரோட்டுல லாரி லாரியா வருது, ஸ்டியரிங்கை இறுக்கிப் புடிச்சு விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. ஒத்தக்கடை தாண்டினதும் முன்னாடி நெசமாவே ஒரு டிப்பர். கல்லை ஏத்திக்கிட்டு ஆடி ஆடிப் போவுது. பின்னாடியே ரெண்டு கிலோமீட்டர் போனேன். ஒரு பொடிக்கல்லு விழல.

நிவேதா வாசல்லயே நின்னா. வயித்தைத் தாங்கிக்கிட்டு. கட்டிப்புடிக்க முடியல, வயிறு குறுக்க வருது. ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்பறம் அழுதோம்.

அவ மாமியா அங்கன்வாடியில வேலை பாத்தவக. "வாங்க மதினி"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாக. மாப்பிள்ளை லீவு போட்டுட்டு பாத்திரம் வெளக்குறாரு. எங்க வீட்டுல நான் பாக்காத காட்சி.

வளையல் அடுக்கினோம். இவ கை வீங்கிப்போயி ரெண்டு வளையல் ஏறல, சோப்பைப் போட்டு ஏத்தினேன். அப்பறம் பந்தி. நான் இலையில உக்காந்தேன். அவுக சொந்தக்காரவுக எல்லாரும் எங்கிட்டோ பாக்குற மாதிரி என் கையத்தான் பாக்குறாக. சாப்பிடுவேனா, ஒரு வாய் தொட்டுட்டு எந்திரிச்சிருவேனான்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. இம்புட்டு நாளா இவுகள இப்படிப் பயந்து பயந்து பாக்க வச்சிருக்கோமேன்னு. சாம்பாரை ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டேன். ரசம் மறுபடியும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு, "கெளம்புடி, துணிமணி எடுத்து வச்சியா?"ன்னேன்.

நிவேதா தலைய ஆட்டுறா. "நான் வரலம்மா."

"என்னது?"

"அப்பா அந்த வீட்டு வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவ கூப்பிடட்டும். அன்னிக்கு வாரேன். கண்ணாடி விசயம் சரண் சொல்லிட்டான்."

என்னத்தச் சொல்றது. இவ கேக்கறது நியாயம். அவரு கூப்பிட மாட்டாரு. எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். புதுக் கண்ணாடி போட்டு, பின் சீட்டுல தலையணை வச்சு, எல்லாம் பண்ணியும் புள்ள வரல. அம்புட்டு வயித்தெரிச்சல். யாரு மேலன்னு கேட்டா ஒரே ஆளு மேலதான்.

அவ மாமியா அடுப்படியில இருந்து வந்து, "மதினி, அவ வராட்டி என்ன, நீங்க இருங்களேன். எனக்கும் ஒத்தையில இவளப் பாத்துக்கப் பயமா இருக்கு"ன்னாக. சம்பந்தி வீட்டுல யாராச்சும் போயித் தங்குவாகளா? ஊருல சிரிப்பாக. சிரிக்கட்டும். போன எடத்துலயே இருந்துக்கன்னு சொன்ன ஆளு எங்க வீட்டுல இருக்காருல்ல.

கொண்டு வந்த நைட்டியில ஒண்ணை நானே போட்டுக்கிட்டேன்.

நவ. 15, சனி

வெயில் இல்ல, மப்பு. நிவேதாவுக்கு இட்லி எறங்கல, தோசை சுட்டுக் குடுத்தேன். ரெண்டு சாப்பிட்டா.

ஒம்பது மணிக்கு மனுசன் போன். நேத்து முழுக்க ஒரு போன் இல்ல.

"காரு எங்க?"

"மேலூர்ல."

"நீ?"

"காரு இருக்குற எடத்துலதான்."

அப்பறம் கொரலை எறக்கி, "அங்க கை நனைச்சியா?"

"மூணு வேளை ஆச்சு."

வச்சிருவாருன்னு நினைச்சேன். வைக்கல. பின்னாடி எங்க வீட்டு ஃபேன் ஓடுது.

"அவளுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"எவளுக்கு?"ன்னேன்.

பேரு வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். போனை வச்சுட்டாரு.