பெட்டியின் ஓரத்தில் இருந்த டி எழுத்து

என் செல்ல அம்மாவுக்கு,

மது நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துவிடுவாய். பயம் எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

நாம் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், எந்த பிஸ்கட்டில் மாட்டுக் கொழுப்பு இருக்குமோ என்று நீ கடையில் கண்கலங்கி நின்றாய். பக்கத்து வீட்டு மிரியம் ஆன்ட்டிதான் பெட்டியில் வட்டத்துக்குள் இருக்கும் யு எழுத்தைக் காட்டினார். யூதர்களின் கோஷர் முறைப்படி செய்தது என்பதற்கு அது அடையாளம். பக்கத்தில் டி இருந்தால் பால் சேர்ந்தது. அவர்கள் பாலையும் கறியையும் சேர்ப்பதே இல்லை, தட்டுகூடத் தனித்தனி. "அப்போ டி இருந்தா கறி இருக்காது! நமக்கு ஓகேடி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். அன்றிலிருந்து டி தேடுவது என் வேலை.

பிறகு மது பிறந்தாள். பால் பட்டாலே அவளுக்கு உதடு வீங்கியது. "இனிமே டி-யப் பாத்தா பாம்பப் பாத்த மாதிரி ஓடணும், புரிஞ்சுதா?" என்றாய். நான் பார்த்த பெட்டியை நீ மறுபடியும் பார்ப்பாய். "என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று ஒரு நாள் கோபித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா?

போன சனிக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போனேன். புதிதாக ஒரு பிஸ்கட் பெட்டி. "செக் பண்ணிட்டியாம்மா? சீக்கிரம், லேட் ஆகுது" என்றார் அப்பா. வட்டம், யு, ஓரத்தில் டி. பார்த்ததும் 'நமக்கு ஓகேடி' என்ற பழைய நிம்மதி வந்தது. "ஓகேப்பா" என்று வண்டியில் போட்டேன். அந்த எழுத்து என் கண்ணில் படாமல் போகவில்லை, அம்மா. பட்டதால்தான் எடுத்தேன்.

வீட்டில் மது பாதி பிஸ்கட் தின்றாள். "அக்கா, மை டங் ஃபீல்ஸ் ஃபன்னி" என்றாள். நாக்கு என்னவோ போல இருக்கிறதாம். முகம் தடித்தது. மூச்சு விசில் போல வந்தது. மதுவின் அலர்ஜி ஊசி உன் கைப்பையில் இருந்தது. நீ இறந்த பிறகு உன் பையைப் பார்க்க முடியாமல் அப்பா அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தார். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். அப்பா அவள் தொடையில் ஊசியைக் குத்தினார். என் அலறல் கேட்டு ஓடிவந்த மிரியம் ஆன்ட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் அப்பா அழுதார். "நான்தான் அவசரப்படுத்தினேன். ஆன்ட்டிகிட்ட கூட அதைத்தான் சொன்னேன். பாவம், உன் கண்ல எழுத்தே பட்டிருக்காது" என்று என் தலையைத் தடவினார். நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கணக்கு டீச்சர் யூதர் இல்லை. ஆனாலும் யாராவது ஹோம்வொர்க்கைப் பார்த்து எழுதினால், "தட்ஸ் நாட் கோஷர்" என்பார். நேர்மையில்லாத எதையும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். என் மௌனமும் அப்படிப்பட்டதுதானே?

இப்போது ரொட்டிப் பாக்கெட்டைக்கூட மூன்று முறை படிக்கிறேன். படித்த பிறகும் நம்பிக்கை வருவதில்லை. காலையில் கண் விழித்ததும் மதுவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். நீயும் இவ்வளவு பயத்தோடுதான் இருந்தாயா? அப்புறம் எப்படி அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாய்?

தமிழ்ச் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு இதுதான் எழுத வந்தது. மலரில் வருவதற்கு முன்னால், இன்று சாயங்காலம் அப்பா வந்ததும் இந்தத் தாள்களை அவர் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். இனிமேல் நான் பார்க்கும் ஒவ்வொரு பெட்டியையும் அவரிடம் நீட்டி, "நீங்களும் ஒரு தடவை பாருங்கப்பா" என்பேன். அவர் பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். சத்தியம்.

நீ இரண்டாம் முறை பார்க்காத பெட்டியை வாங்கிவந்த,
உன் மூத்த மகள்,
மதுவின் அக்கா