நீ கத்த நினைத்த ‘மார பாஸ்’

தம்பி, இன்று காலை பொகவந்தலாவையில் உன் மகள் நம் பஸ்ஸில் ஏறினாள். சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. என் பக்கம் குனிந்து, “பெரியப்பா, ஏ.எல். பரீட்ச பாஸ். மேல படிக்க கேம்பஸ் கெடைக்குமாம்” என்று மெதுவாகச் சொன்னாள். உன் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

உன் காலத்தில் பரீட்சை பாஸான பிள்ளைக்கு அன்று டிக்கெட் கிடையாது. மிதிபலகையில் நின்றபடியே, “நம்ம பிள்ள மார பாஸ்!” என்று பஸ்ஸே அதிரக் கத்துவாய். தமிழர், சிங்களவர் எல்லோரும் கைதட்டுவார்கள்.

அந்தச் சிங்களச் சொல் உன் வாயில் எப்படித்தான் ஒட்டிக்கொண்டதோ! பனி கொட்டினால் ‘மார பனி’. நோர்வூட் கடை ரொட்டி ‘மார ரொட்டி’. பாதையை மறித்து லொறியை நிறுத்தியவன் ‘மார ஆளு’. நீ புகழ்கிறாயா, திட்டுகிறாயா என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். முன் சீட்டில் வந்த பிக்கு ஒருநாள், அது புத்தரை மயக்க வந்த மாரனின் பெயர், சாவின் பெயர் என்று விளக்கினார். நீ விட்டாயா? நம் பொடியன்கள் ‘மரண பசி’ என்பதையும், சிவனொளிபாத மலைக்கு வந்த வெள்ளைக்காரன் ‘டெட்லி’ என்று வியந்ததையும் சிங்களத்திலேயே எடுத்துவிட்டாய். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“பாத்தீங்களாண்ணே, நல்லதச் சொல்ல எல்லா பாஷக்காரனும் சாவத்தான் கூப்புடுறான்.”

“வாயக் கழுவுடா” என்றேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “மார வலிண்ணே” என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “பிள்ளைக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் இருந்தாப் போதும். அத மட்டும் நான் கத்தணும்ணே” என்றாய். மறுநாள் உன் சாவுக்கு, தோட்டத்து லயத்துப் பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டினோம்.

இன்று கண்ணாடியில் பார்த்தேன். உன் மகள் டிக்கெட்டை விரலில் சுற்றியபடி மிதிபலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. வண்டி ஓட்டும்போது வாயே திறக்காதவன் என்று என்னை எவ்வளவு கேலி செய்திருப்பாய்! ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து நின்று கத்தினேன்.

“நம்ம பிள்ள மார பாஸ்!”

எல்லோரும் கைதட்டினார்கள். முன் சீட்டுச் சிங்கள அம்மா எழுந்து அவள் கன்னத்தைத் தடவினாள். உன் காரியத்தன்றுகூட அழாத பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதாள்.

“என்னாடா தாயி?”

“இவ்வளவு நாளும் அப்பா டிரிப்புக்குப் போயிருக்காருன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன், பெரியப்பா.”

நான் திரும்பி வண்டியை எடுத்தேன். உன் வேலையைத்தான் செய்தேன். ஆனால் நீ இனி வரமாட்டாய் என்று உன் மகளுக்குச் சொன்னவன் நானாகிவிட்டேன்.