பேக்கரிக்காரரின் குண்டு யானை

கிறுக்கிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. இது ஆபீஸ் விஷயம்.

நம் டிசைன் கம்பெனியின் முதல் வாடிக்கையாளரான பேக்கரிக்காரர் இன்று வந்தார். மாடியேறிய மூச்சு அடங்குவதற்குள், "யானைய கொஞ்சம் இளைக்க வைக்கணும்மா, புதுப் பெட்டி சின்னது" என்றார். அவர் கடைச் சின்னமாக நீ வரைந்த அதே குண்டு யானை.

நாம் முட்டியும் முட்டியும் இடிக்க ஒரே மேசையில் உட்கார்ந்து, விலை பேசும் முன்பே வரைந்து கொடுத்த காலம் அது. இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாமல் இங்கே யாரும் பென்சிலைத் தொடுவதில்லை. மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் கட்டணம். "நீ கம்பெனி நடத்துறியா, ஜெயில் நடத்துறியா?" என்று கம்பெனியை விட்டுப் போகிற அன்று கேட்டாயே, அந்த ஜெயில் நன்றாகவே நடக்கிறது. சிரிப்புச் சத்தம்தான் குறைவு.

இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அந்த யானையை ஒரு நொடியில் இளைக்க வைப்பார்கள். நான் விடவில்லை. எல்லா விதியும் நான் போட்டது. வரைந்தவர்தான் திருத்த வேண்டும் என்பது மட்டும் நீ போட்டது. அதைச் சொன்னதும் பேக்கரிக்காரர், "அப்ப அந்தப் பொண்ணையே வரச் சொல்லும்மா" என்றார்.

ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் போடாமலேயே இந்த வேலையை ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஜெயில் வார்டன்