நீ நிறுத்திக்கொண்ட ஆங்கிலச் சொல்

இன்று காலை கூலாயிலிருந்து புறப்பட்ட பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு வெள்ளிநிற பலூன் கொண்டுவந்திருந்தாள். மருத்துவமனையில் இருக்கும் யாருக்கோ வாங்கியது. அதில் 'கெட் வெல் சூன்' என்று எழுதியிருந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் அது என் தோளில் வந்து இடித்தது. "சாரிக்கா" என்று இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லை என்றேன். பலூனில் இருந்த அந்தக் கடைசிச் சொல் உனக்குப் பிடிக்காது. சீக்கிரம் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்பாய். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் மலேசியாவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது ஆங்கிலம் நமக்குப் பாதிதான் தெரியும். அதற்கு முன் செனாய் தொழிற்சாலையில் இருந்தோம். அங்கே இயந்திரத்துக்கு யாரும் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. இது பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் இடம். பிடித்துக்கொண்டால் போதாது, பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று பொறுப்பாளர் முதல் வாரமே சொல்லிவிட்டார். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தோம். 'கீப் கோயிங்.' 'ஆல்மோஸ்ட் தேர்.' 'யூ கேன் டூ இட்.' சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் நெரிசலில் வண்டி நிற்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போம்.

"'ஹேங் இன் தேர்'னா என்னடி, அங்கயே தொங்கிட்டு இருக்கணுமா?" என்று நீ கேட்க, முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

'சின் அப்' என்பதை நீதான் முதலில் பயன்படுத்தினாய். ஹொக்கியன் சீனம் மட்டுமே நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரிடம் சொன்னாய். அவர் தாடையை உயர்த்திக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். கஞ்சி வந்த பிறகும் இறக்கவில்லை. "அலமாக், தெம்பா இருங்கன்னுதான்லா சொன்னேன்" என்று நீ அவர் கன்னத்தைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாய். அவரும் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அந்த டாக்சி ஓட்டுநர் வந்தார். இடது பக்கம் விழுந்திருந்தது. உன் பொறுப்பில் விட்டார்கள். கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்தாய். தினமும் பிற்பகலில் வரும் அவர் மனைவி ஒருநாள் கேட்டபோது, 'ஹீ வில் வாக் ஹோம், ஆன்ட்டி' என்றாய். நான் பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது சாதாரணமாகத்தான் கேட்டது.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், சக்கர நாற்காலி ஏறுவதற்காக வாசலில் போட்டிருந்த சரிவுப் பலகையைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். கணவருக்குப் புதிய காலணி வாங்கி வந்து கட்டிலடியில் வைத்தார். அடுத்த வாரம் கணவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. அதன்பின் அவர் எழுந்து உட்காரக்கூட இல்லை. வீட்டுக்குத் தூக்குப் படுக்கையில்தான் போனார்.

புறப்படும் முன் அந்த அம்மாள் உன்னைத் தேடி வந்தார். குரலை உயர்த்தவில்லை. 'யூ செட் வில்' என்றார். அவ்வளவுதான்.

அன்று பேருந்தில் பாலத்தின் நடுவில் வந்தபோது சொன்னாய்.

"நான் பொய் சொல்லலடி. நம்பித்தான் சொன்னேன்."

"அவங்களுக்கும் அது தெரியும்ல?"

"தெரியும். அதான் திட்டல. திட்டியிருந்தா பரவால்ல." மறுபடி சொன்னாய்: "நம்ம வீட்டுல 'நடந்துருவாரு'ன்னா அது ஆறுதல். யாரும் அத நம்பிப் பலகைய கழட்ட மாட்டாங்க. இங்கிலீஷ்ல சொன்னா அது வாக்கா போயிருது."

விடுமுறை நாளில் தூங்காமல், ரெங்கத்தில் இருக்கும் உன் வீட்டிலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனாய். உன் கணவருக்கு அது பிடிக்கவில்லை. வேலையிடத்தில் தெரிந்தால் சிக்கல் என்று நானும் தடுத்தேன். நீ கேட்கவில்லை. படுக்கையில் இருப்பவரை எப்படிப் புரட்டுவது, எங்கே தலையணை வைத்தால் புண் வராது என்று அந்த அம்மாளுக்குக் காட்டிக் கொடுத்தாய். முதல் தடவை அவர் உன்னிடம் பேசவே இல்லையாம். பிறகு ஒருமுறை போனபோது கோப்பி கலந்து வைத்திருந்தாராம். அதை என்னிடம் சொன்னபோது உன் முகத்தில் பெருமை ஒன்றும் இல்லை. "சீனி தூக்கலா போட்டுட்டாங்க" என்றாய்.

அதன்பின் நோயாளிகளிடம் நீ 'வில்' சொல்லி நான் கேட்டதில்லை. 'ஐ ஹோப்' என்பாய். அது போதாமல் சிலர் முகம் சுருங்கும். நீ மாற்றிக்கொள்ள மாட்டாய்.

உனக்கே புற்றுக்கட்டி வந்து ஜொகூர் பாரு மருத்துவமனையில் கிடந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். 'பி ஸ்ட்ராங்.' 'ஸ்டே பாசிட்டிவ்.' சிங்கப்பூர்த் தோழிகள் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நீ எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாய். நான் வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். நானும் "சரியாயிரும்டி" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "'வில்'லா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "ஹோப்" என்றேன்.

"அது போதும்லா." உன் கை போர்வைக்கு வெளியே இருந்தது. உள்ளே எடுத்து வைத்தேன். "நாளைக்கு வருவியா?"

"வருவேன்."

"அதுக்கு 'வில்' சொல்லலாம்" என்று சிரித்தாய். உதடு வெடித்திருந்தது, அதனால் பாதிச் சிரிப்புதான்.

மறுநாள் பாலத்தில் அசையாத நெரிசல். இறங்கி, மற்றவர்களோடு ஓரமாக நடந்தே வந்தேன். நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவு இல்லை. உன் கணவர் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார். வந்துட்டேன் என்று உன் காதில் சொன்னேன். கேட்டதா தெரியாது. அதற்கடுத்த நாள் காலையில் நீ போய்விட்டாய்.

நான் இன்னும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறேன். நேற்று ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய அப்பாவை என்னிடம்தான் விட்டிருக்கிறார்கள். அவர் நடப்பாரா என்று நேராகவே கேட்டாள். 'ஐ ஹோப் சோ' என்றேன். அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றாள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்: நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் வருவேன், அவரை நிற்க வைத்துப் பார்ப்பேன்.

இன்று ஒன்பதுக்கு முன்பே போய்விட்டேன். அவர் விழித்துத்தான் இருந்தார். கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார்.