டிஜே மிக்சரைத் தேட வேண்டாம்

இந்த வீட்டு டிஜேவுக்கு,

நேற்று மாலையிலிருந்து உங்கள் மனைவி உங்களோடு பேசுவதில்லை. எழுத மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அதனால் இந்தச் சீட்டு.

மேசை மேலிருந்த மிக்சரைக் காணோமென்று வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். அவள்தான் எடுத்துப் போயிருக்கிறாள். அரங்கில் மேடை விளக்குகளை அவள் ஏற்றி இறக்கும் லைட் போர்டு நேற்றே உயிரை விட்டுவிட்டது. இன்று ஏழு மணிக்கு நாடகம். நேற்று மாலை மிக்சரைக் கேட்டபோது, "பாட்டுப் போடற பெட்டிக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எகிறினீர்களே, சம்பந்தம் இருக்கிறது. யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் சொருகி, ‘மிடி’ என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்தினால் போதும், ஸ்லைடர் நகர்வதை லேப்டாப் படித்து விளக்குகளுக்குச் சொல்லிவிடும். பாட்டும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். ஸ்லைடரை ஏற்றினால் மேடையில் வெளிச்சம் ஏறும். நீங்கள் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் லேப்டாப்பில் சோதித்தும் பார்த்துவிட்டாள்.

மிக்சரில் நீங்கள் ஒட்டியிருந்த ‘தொடாதே’ டேப்பை உரித்து, சாப்பாட்டு டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறாள். அதை மட்டும் நீங்கள் தாராளமாகத் தொடலாம்.

வண்டிச் சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களோடு பேசாதவள்

பி.கு.: ஆறிப்போயிருக்கும், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

இன்னொண்ணு: கடைசி வரிசை ஓர நாற்காலிக்கு மேல ஒரு லைட் போட்டிருக்கேன். அது நாலாவது ஸ்லைடர். நீங்க வந்து உக்கார்ற வரைக்கும் அதை இறக்க மாட்டேன், நாடகமும் ஆரம்பிக்காது. நூறு பேர் இருட்டுல உங்களுக்காகக் காத்திருப்பாங்க. என்னையும் சேத்தா நூத்தியொண்ணு.