குலுக்குகிற ஜீப்

அன்பான உங்களுக்கு,

நீங்கள் கனடாவிலிருந்து எழுதியபடி இரண்டு ஜீப்பையும் நேற்று ஓட்டிப் பார்த்தேன். கரவெட்டியிலிருந்து வல்லைவெளி தாண்டிப் புத்தூர் வரை. விற்கிற தம்பியும் கூட வந்தார்.

நீங்கள் விரும்பிய வெள்ளை ஜீப்பில் பள்ளம் மேடு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் ஜீப் குலுக்கி எடுத்துவிட்டது. "சொகுசில்லைத்தான் அக்கா. ஆனா ஒருநாளும் வழியிலை நிக்காது" என்றார் அந்தத் தம்பி.

சாம்பலையே எடுக்கிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கண்மூடினார் என்றுதான் உங்களுக்குச் சொன்னேன். அது உண்மையில்லை. அன்று நெஞ்சுநோ என்றதும் பழைய காரில் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆள் நடமாட்டமில்லாத வல்லைவெளி நடுவில், கொட்டுகிற மழையில் கார் நின்றுவிட்டது. அம்புலன்ஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆனது.

"பயப்பிடாதை பிள்ளை, அவன் வந்திடுவான்" என்று என் கையைப் பிடித்தபடி உங்களைத்தான் சொன்னார்.

"ஓம் மாமா, வாறார்" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டுதான், காருக்குள்ளேயே கண்மூடினார்.

பதினொரு மாதமாக இதை ஒருவரிடமும் கதைக்கவில்லை. வீட்டில் கதைக்க ஆளுமில்லை.

நேற்று சாம்பல் ஜீப் அந்த இடத்தை நிற்காமல் கடந்தபோது, பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதுவிட்டேன்.

அந்தத் தம்பி பதறிப்போய், "குலுக்கினதிலை இடுப்பு நாரியெல்லாம் நோகுதோ அக்கா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி